எந்த முடிவு மாறியது?

பேரா மாநிலத்தின் பாரிட் புந்தாரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ‘ஏஐ பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்று சொல்ல இன்று அவருக்குத் தயக்கம் இருக்காது. தீபாவளி விளம்பரப் படத்தை அது வரைந்து தருகிறது. மாவட்ட மன்றத்துக்கு மலாயில் அனுப்ப வேண்டிய கடிதத்தை ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது. பயனுள்ள வேலைகள்தாம். ஆனால் அந்த வணிகம் செயற்கை நுண்ணறிவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இவற்றை வைத்து அளக்க முடியாது. அளப்பதற்கு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கடையில் பணம் புரளும் எந்த முடிவு இதனால் மாறியது?

இதை அளக்க உலகில் படிநிலைகளுக்குப் பஞ்சமில்லை. 1979இல் பிலிப் கிராஸ்பி தொழிற்சாலைத் தரத்துக்கு ஐந்து நிலைகளை வகுத்தார். அதே சிந்தனையை வாட்ஸ் ஹம்ஃப்ரி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் நிறுவனங்கள் ஐந்தாம் நிலைச் சான்றிதழுக்குப் போட்டி போட்டது அதற்குப் பிறகுதான். இன்று கார்ட்னர் நிறுவனம் ஏஐக்கு ஐந்து நிலைகள் சொல்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் நான்கு சொல்கிறார்கள். எல்லாமே தரவுத் துறையும் இயக்குநர் குழுவும் உள்ள நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலேசியாவில் ஆண்டு விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தாலோ, ஐந்துக்கும் குறைவான பணியாளர்கள் இருந்தாலோ அது குறுந்தொழில். நம் ஊர்க் கடைகளில் பல அந்த வகைதான். அந்தப் படிநிலை ஏணியின் முதல் படியே இந்தக் கடைக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இவர்களுக்கு அதற்கும் கீழே ஒரு படி வேண்டும். அது கணக்கு. எத்தனை ரிங்கிட் விற்றது என்பது பல கடைகளில் தெரியும்; எந்தப் பொருள், எந்த வாரத்தில், எவ்வளவு போனது என்பது தெரியாது. கடன் கணக்கோ ‘555’ எனப்படும் சிறு நோட்டில் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளாக இருந்தாலும், எழுதி வைக்காததைப் படிக்க முடியாது. கணக்கை ஒழுங்காக வைக்க இப்போது ஒரு தூண்டுதலும் இருக்கிறது: மின்-விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய வணிகங்களை நோக்கி இறங்கி வந்தது. பலரும் அதை வரிச்சுமையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது நல்ல வாய்ப்பாகப் படுகிறது. வருமான வரி வாரியத்துக்காக ஒழுங்குபடுத்தும் அதே கணக்கைக் கடைக்காரர் தமக்காகவும் படிக்கத் தொடங்கினால், கீழ்ப்படியில் அவர் ஏறிவிட்டார் என்று பொருள்.

மேல்படி எப்படி இருக்கும்? ஒரு மளிகைக்கடையையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு உளுத்தம் பருப்பும் நெய்யும் முறுக்கு மாவும் எவ்வளவு எடுப்பது என்பது ஆண்டின் பெரிய முடிவு. கூடினால் பணம் முடங்கும். குறைந்தால் வாடிக்கையாளர் ஆற்றைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போய்விடுவார். இப்போது கல்லாவோடு வரும் சில மென்பொருள்கள் பழைய விற்பனையைப் பார்த்து வரும் மாதத்தின் தேவையைச் சொல்கின்றன. 2023இல் தீபாவளி நவம்பர் 12. அடுத்த ஆண்டு அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2026இல் மறுபடியும் நவம்பர் 8. ஆங்கில மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள், 2023ஐப் பார்த்து 2025க்குச் சொன்னால், பண்டிகை முடிந்த பிறகுதான் மூட்டைகள் வந்து இறங்கும். தைப்பூசமும் இப்படித்தான் நகர்கிறது.

மென்பொருள் சொன்ன எண்ணை அப்படியே ஏற்று ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர் முன்னேறியவர் அல்லர். ‘இதற்கு ஒன்றும் தெரியாது’ என்று அதை மூடிவைத்துவிட்டு, முப்பது வருட அனுபவத்தில் ஆர்டர் கொடுப்பவர் அந்த ஆண்டு தப்பித்துக்கொள்வார். ஆனால் வாங்கிய கருவி வீண். பண்டிகைத் தேதியை மென்பொருளுக்குள் இட்டு, அது சொன்னதையும் தாம் எடுத்ததையும் கடைசியில் விற்றதையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பவர்தான் உண்மையில் மேலே நிற்கிறார். அவருடைய அனுபவம் அவர் பிள்ளைக்கும் கிடைக்கும். இதற்கு இயக்குநர் குழு வேண்டாம். ஒரு தாள் போதும்.

கடைத்தெருவை விட்டு வயல் பக்கம் வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1906இல் புக்கிட் மேரா அணையோடு பாசனம் பெற்ற கிரியான் மாவட்டம் இது; நெல்தான் இந்த மண்ணின் முகம். மருந்து தெளிக்க டிரோன் பறப்பதைக் காட்டி, விவசாயத்தில் ஏஐ வந்துவிட்டது என்கிறார்கள். முன்கூட்டியே போட்ட பாதையில் பறந்து எங்கும் ஒரே அளவில் தெளிக்கும் டிரோன் உழைப்பைக் குறைக்கிறது, உடலைக் காக்கிறது. எந்தப் பாத்திக்கு மருந்து வேண்டும் என்ற முடிவை அது எடுக்கவில்லை. அரிசி ஆலையிலுள்ள நிறம் பிரிக்கும் இயந்திரம் இதைவிட ஒரு படி மேல். சரிவில் கொட்டும் அரிசியைக் கேமரா பார்க்கிறது. கறுத்த மணியும் மஞ்சள் மணியும் வந்ததும் ஒரு காற்றுப் பீச்சல் அதை மட்டும் தட்டி வெளியே தள்ளுகிறது. கண்ணும் கையும் செய்த முடிவு அங்கே இயந்திரத்துக்கு மாறிவிட்டது.

அதே ஆலையின் முன்வாசலில் லோரி வந்து நிற்கும்போது, மாதிரி நெல்லை எடுத்து ஈரம், பதர், பச்சை மணி பார்த்து இத்தனை விழுக்காடு கழிவு என்று சொல்வார்கள். இந்தக் கழிவு விவசாயிகளின் நெடுநாள் குறை. நெல்லுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை 2025இல் டன்னுக்கு 1,500 ரிங்கிட் ஆனது. அந்தக் கணக்கில் பத்து டன்னில் ஒரு விழுக்காடு கூடுதலாகப் பிடித்தால், விவசாயி கையிலிருந்து 150 ரிங்கிட் போகிறது. நாளை இந்தக் கழிவையும் கேமராவே சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்போது அந்த ஆலை முன்னேறியதா என்பதற்கு என் அளவுகோல் இது: படத்தையும் எண்ணையும் விவசாயி பார்க்க முடிகிறதா? சந்தேகம் இருந்தால் இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்ல முடிகிறதா? தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரா?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் நம் தோட்ட வரலாறு. தரவு என்று இன்று சொல்வதை ரப்பர் தோட்டங்கள் அன்றே ஒழுங்காக வைத்திருந்தன. காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் பதிவாகும். பாலை நிறுத்து, மெட்ரோலாக் அளவியைப் போட்டு, உலர் ரப்பர் எவ்வளவு என்று குறிப்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் ஒரு நாள் தப்பாது. ஆனால் பால் மரம் வெட்டியவருக்கு அந்தப் புத்தகம் திறக்காது. குறைத்து எழுதியிருந்தாலும் கேட்க வழி இல்லை. கணக்கு துல்லியமாக இருப்பதும் கணக்கு நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம் பாட்டன் பாட்டிமார் அனுபவித்தே அறிந்தவர்கள். பெரிய ஆலோசனை நிறுவனங்களின் ஏணிகளில் இந்த நியாயப் பக்கம் மிக மெலிதாகவே இருக்கிறது. அங்கே ஐந்தாம் படியில் நிற்கும் ஒரு நிறுவனம், தன்னால் பாதிக்கப்படுபவருக்குப் பதில் சொல்லாமலே அங்கு நிற்கலாம்.

வாடிக்கையாளர் விவரமும் இந்தப் பொறுப்பில் சேரும். அடையாள அட்டை எண்ணோடு கடன் பட்டியலை அப்படியே ஓர் இலவசச் செயலியில் ஒட்டி ‘ஒழுங்குபடுத்திக் கொடு’ என்று கேட்பது முன்னேற்றம் அல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது; தகவல் கசிந்தால் தெரிவித்தாக வேண்டும் என்ற கடமை 2025 ஜூனில் சேர்ந்தது.

கற்க வழி இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய ‘ஏஐ உந்துக் ரக்யாட்’ (மக்களுக்கு ஏஐ) இலவசப் பாடம் தமிழிலும் உண்டு. சிறுதொழில்களுக்கான அரசின் இலக்கவியல் மானியம் செலவில் பாதியை, 5,000 ரிங்கிட் வரை, ஏற்றுக்கொண்டது. மானியம் வாங்கத்தான் உதவும். வாங்கியது அடுத்த தீபாவளிக்கும் ஓடுகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பேராவின் இந்திய வணிகச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏஐ கருத்தரங்கில் புதிய செயலிகளைக் காட்டுவதற்கு முன், உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் மூன்று மாதச் சரக்குக் கணக்கையும், மாற்ற விரும்பும் ஒரே ஒரு முடிவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே உறுப்பினரை அழைத்து, அந்த முடிவு மாறியதா என்று கேளுங்கள்.