சோனிக்கின் முகம் மாறியது, விலை கொடுத்தது யார்?

2019 ஏப்ரல் 30ஆம் தேதி ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ திரைப்படத்தின் முதல் முன்னோட்டக் காணொளி வெளியானது. 1991 முதல் காணொளி விளையாட்டுகளில் ஓடிக்கொண்டிருந்த நீல நிற முள்ளெலியை ஹாலிவுட் படத்தில் காணக் காத்திருந்த ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். மனிதருக்கு இருப்பதுபோன்ற பல்வரிசை, சின்னஞ்சிறு கண்கள், நீண்ட கால்கள். சோனிக்கின் அடையாளமான வெள்ளைக் கையுறைகூட இல்லை.

சமூக ஊடகங்களில் கேலியும் கோபமும் குவிந்தன. இரண்டே நாளில், மே 2ஆம் தேதி, உருவத்தை மாற்றப் போவதாக இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் டுவிட்டரில் அறிவித்தார். 2019 நவம்பர் 8ஆம் தேதி வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

அதன் பிறகு நடந்தது வசூல் வரலாறு. முதல் படம் உலகளவில் ஏறத்தாழ 320 மில்லியன் அமெரிக்க டாலர் ஈட்டியது. 2022 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் 400 மில்லியனைத் தாண்டியது. 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் பாகம் ஏறத்தாழ 490 மில்லியனை எட்டியது. நான்காம் பாகம் 2027 மார்ச் மாதத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.

இதை ரசிகர்களின் வெற்றி என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ரசிகர் குரலால் படம் எப்படி மேம்பட்டது, எங்கே சுருங்கியது, அந்த மாற்றத்தின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும். திரைத்துறையிலோ விளையாட்டு வடிவமைப்பிலோ கால்பதிக்க நினைக்கும் மாணவர்களுக்கு அந்த மீதிப் பாதியே முக்கியம்.

விளையாடுவது வேறு, பார்ப்பது வேறு

காணொளி விளையாட்டைப் படமாக்குவது நீண்ட காலமாகத் தோல்விக்கான வழியாகவே கருதப்பட்டது. 1993இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். விளையாட்டில் வண்ணமயமாக இருந்த உலகம், படத்தில் டைனோசர்களின் வழிவந்தவர்கள் ஆளும் இருண்ட நகரமாகிவிட்டது. ஏறத்தாழ 48 மில்லியன் டாலர் செலவழித்து எடுத்த அந்தப் படத்தால் போட்ட பணத்தைக்கூட எடுக்க முடியவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. விளையாட்டில் நாம்தான் ஓடுகிறோம், நாம்தான் விழுகிறோம், நாம்தான் மறுபடி எழுகிறோம். பொத்தானை அழுத்தும் விரலுக்கும் திரையில் ஓடும் உருவத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டாகிறது. திரையரங்கில் அந்தப் பொத்தான் நம் கையில் இல்லை. அந்த இழப்பை ஈடுகட்ட, படம் வேறு ஏதாவது தர வேண்டும்.

சோனிக் படங்கள் இரண்டைத் தருகின்றன. ஒன்று, “இதை எனக்குத் தெரியுமே” என்று அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி. மற்றொன்று, விளையாட்டைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும் குடும்பக் கதை. இந்த இரண்டுக்கும் உள்ள சமநிலையை இரண்டாம் பாகத்தில் தெளிவாகக் காணலாம்.

இரண்டாம் பாகம் எதை எடுத்துக்கொண்டது

1992இல் வெளியான ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 2’ விளையாட்டில்தான் டெயில்ஸ் என்ற இரட்டை வால் நரிக்குட்டி அறிமுகமானது. 1994இல் வந்த மூன்றாவது விளையாட்டில் சிவப்பு நிற நக்கிள்ஸ் வந்தது. சோனிக்தான் எதிரி என்று டாக்டர் ரோபோட்னிக் சொல்லும் பொய்யை நம்பி மோதும் பாத்திரம் அது. 2022ஆம் ஆண்டுப் படம் இந்த இரண்டு விளையாட்டுகளையும் ஒன்றாகப் பின்னியது. ரோபோட்னிக்கின் மாபெரும் இயந்திர மனிதன், இரட்டை இறக்கைச் சிவப்பு விமானம், ஏழு மரகதங்களின் சக்தியால் சோனிக் பொன்னிறமாக மாறும் தருணம் என்று ரசிகர்கள் மனத்தில் பதிந்த பலவும் திரைக்கு வந்தன.

டெயில்ஸுக்குக் குரல் கொடுத்தவர் கொலின் ஓ’ஷாக்னஸி. 2014 முதல் விளையாட்டுகளிலும் அந்தப் பாத்திரத்தின் குரல் அவருடையதுதான். விளம்பரத்துக்கு உதவும் பெரிய நட்சத்திரத்தைத் தேடாமல், ரசிகர்களின் காதுக்குப் பழகிய குரலையே வைத்துக்கொண்டது தயாரிப்புத் தரப்பு. அதேசமயம் நக்கிள்ஸின் குரலுக்கு இட்ரிஸ் எல்பா வந்தார். ஒரு கையால் ரசிகரையும் மறு கையால் பொதுப் பார்வையாளரையும் பிடித்துக்கொள்ளும் கணக்கு இது.

கதை அளவில் படம் சொல்வது எளிமையானது. தன்னை வளர்க்கும் டாம், மேடி தம்பதியர் வெளியூர் சென்றிருக்க, வீட்டில் தனியாக இருக்கும் சோனிக் பொறுப்பு என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு நண்பனும் ஒரு பகைவனும் கடைசியில் அதன் குடும்பமாகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். 1990களில் அந்த விளையாட்டை ஆடி, இன்று பெற்றோராக இருப்பவருக்கு மரகதங்களும் விமானமும் போதும். ஒரு குடும்பம் படம் பார்க்கப் போனால் குறைந்தது மூன்று நுழைவுச்சீட்டுகள். இரண்டு தலைமுறையும் விரும்பி வருகின்றன என்பதே இந்தத் தொடரின் வணிகப் பலம்.

ஆனால் ஒரு குறையும் உண்டு. முதல் படம் 99 நிமிடங்கள். இரண்டாம் பாகம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. ஹவாய்த் திருமணம் போன்ற மனிதக் கதாபாத்திரங்களின் கிளைக்கதை ஒரு பக்கமும், மரகதத் தேடல் மறுபக்கமும் தனித்தனியாக ஓடுகின்றன. ரசிகருக்குத் தெரிந்த பொருள்களை வரிசையாகக் காட்ட வேண்டும் என்ற கடமை கூடக்கூட, எதிர்பாராத ஒன்றைச் சொல்வதற்கான இடம் குறைகிறது. ரசிகர் சொல்லைக் கேட்டு எடுக்கும் படம் ரசிகரை ஏமாற்றாது. அவரை வியக்க வைப்பது மட்டும் அதற்குக் கடினமாகிவிடுகிறது.

கேட்பது நல்ல வணிகமும்கூட

சேகா நிறுவனம் 2001இல் சொந்த விளையாட்டுக் கருவிகள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு, முன்பு போட்டியாளராக இருந்த நின்டெண்டோவின் கருவிகளிலும் சோனிக் ஓட ஆரம்பித்தது. விற்கக் கருவி இல்லாத நிறுவனத்துக்குப் பாத்திரங்களே பெரும் சொத்து. ஆகவே படம் என்பது நுழைவுச்சீட்டு வருமானம் மட்டுமல்ல. அடுத்த விளையாட்டுக்கான விளம்பரமும்தான்.

காலவரிசையைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். அதே ஆண்டு நவம்பரில் ‘சோனிக் ஃபிரன்டியர்ஸ்’ விளையாட்டு. 2024 ஏப்ரலில் நக்கிள்ஸை மையமாகக் கொண்ட இணையத் தொடர். 2024 அக்டோபரில் ஷேடோ பாத்திரத்தை முன்னிறுத்திய புதிய விளையாட்டு. அந்த ஷேடோவே எதிரியாக வரும் மூன்றாம் பாகம் டிசம்பரில். ரசிகரின் ஆர்வம் இங்கே ஆண்டு முழுவதும் பயிரிடப்படும் நிலம். அதற்காக ரசிகரின் அன்பு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் 2019இல் கேட்கப்பட்ட குரல் அன்பால் மட்டும் கேட்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்

உருவத்தை மாற்றுவது என்றால் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போவதல்ல. முப்பரிமாண உருவத்தைப் புதிதாகச் செதுக்க வேண்டும். அது அசைவதற்கான எலும்புக்கூடு போன்ற அமைப்பை உள்ளே பொருத்த வேண்டும். ரோமம், நிழல், ஒளி எல்லாம் மறுபடி அமைய வேண்டும். நடிகர் ஜேம்ஸ் மார்ஸ்டன் ஏற்கெனவே வெற்றிடத்தைப் பார்த்து நடித்து முடித்துவிட்டார்; அவருடைய பார்வை புதிய சோனிக்கின் கண்களில் சரியாக விழ வேண்டும். இதைக் காட்சி காட்சியாகச் செய்ய வேண்டும்.

இந்த வேலையில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று எம்பிசி. புதிய சோனிக்கைக் காட்டிய முன்னோட்டம் 2019 நவம்பரில் வந்து பாராட்டு பெற்றது. அடுத்த மாதமே எம்பிசியின் வான்கூவர் கிளை மூடப்பட்டது. சந்தை நெருக்கடியே காரணம் என்று நிறுவனம் கூறியது. சோனிக்கை மாற்றியதால்தான் கிளை மூடப்பட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் உலகம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, கைதட்டலுக்குரிய வேலையில் ஈடுபட்ட கலைஞர்கள் பலர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. படத் தேதியைத் தள்ளிவைத்த அறிவிப்பில், எந்தக் காட்சிக்கலைஞருக்கும் தீங்கு நேரவில்லை என்ற பொருளில் இயக்குநர் நகைச்சுவையாக ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தார். பின்னால் நடந்ததை அறிந்தபின் படித்தால் அந்த நகைச்சுவை கசக்கிறது.

எம்பிசியின் தாய் நிறுவனமான டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தது. லண்டன் முதல் பெங்களூரு வரை ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இந்தத் துறையில் பெரும்பாலும் வேலைக்கு முன்கூட்டியே ஒரு தொகை பேசப்படுகிறது. போட்டி கடுமையாக இருப்பதால் நிறுவனங்கள் குறைந்த விலை சொல்லியே வேலையைப் பெறுகின்றன. நடுவில் திருத்தங்கள் பெருகினால் இலாபம் கரையும், வேலை நேரம் நீளும். படம் வெற்றி பெற்றால் வரும் வசூலில் அந்த நிறுவனங்களுக்குப் பொதுவாகப் பங்கு கிடையாது.

இது தொலைதூரத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இயங்கிய லூகாஸ்ஃபிலிம் குழுமத்தின் காட்சிக்கலைக் கூடம் மூடப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் அசைவூட்டம் படிக்கும் பல மாணவர்களின் கனவு நிறுவனம் அது.

கூச்சலும் அறிவும்

அப்படியென்றால் ரசிகர்கள் வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? இல்லை. முதல் உருவம் உண்மையிலேயே மோசமாக இருந்தது. அதைச் சொன்னதில் தவறில்லை.

ஆனால் சோனிக்கை மீட்டது வெறும் கூச்சல் அல்ல. புதிய உருவத்துக்கான குழுவை வழிநடத்தியவர் டைசன் ஹெஸ். சோனிக் சித்திரக்கதைகளை வரைந்தவர். 2017இல் வந்த ‘சோனிக் மேனியா’ விளையாட்டின் அறிமுக அசைவூட்டத்தை உருவாக்கியவர். அந்தக் கண்கள் ஏன் பெரிதாக இருக்க வேண்டும், கை கால்களின் அளவு மாறினால் ஏன் பாத்திரத்தின் குணமே மாறிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். “நன்றாக இல்லை” என்று சொன்னவர்கள் இலட்சக்கணக்கானோர். “இதனால்தான் நன்றாக இல்லை, இப்படிச் செய்தால் சரியாகும்” என்று காட்டத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அத்தகையவர்களை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கலந்திருந்தால், கடைசி நேரத் திருத்தமும் அதன் சுமையும் தேவைப்பட்டிருக்காது.

இளையர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த விளையாட்டைப் பற்றிய உங்கள் அறிவு பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. அதை விளக்கிச் சொல்லவும் வரைந்து காட்டவும் கற்றுக்கொண்டால் அது ஒரு திறன். அந்தத் திறனை நம்பி இந்தத் துறைக்குள் நுழைய விரும்பினால், மென்பொருள் கற்பதோடு நில்லாமல் ஒப்பந்தம் எப்படி அமைகிறது, திருத்தத்துக்கு யார் பணம் தருகிறார்கள், வேலைநேரம் எவ்வளவு என்ற கேள்விகளையும் கேட்கப் பழகுங்கள்.

இரண்டாம் பாகம் முடிந்ததும், பெயர்ப்பட்டியலுக்கு நடுவே ஷேடோ தலைகாட்டும் சிறு காட்சி ஒன்று வரும். அதற்காகக் காத்திருக்கும் கூட்டம், அது முடிந்தவுடன் எழுந்துவிடுகிறது. நீண்ட பெயர் வரிசை ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். நீங்கள் சொன்னபடி சோனிக்கின் முகத்தைத் திருத்துபவர்களும், அதன் ஒவ்வொரு ரோமத்துக்கும் ஒளி கொடுப்பவர்களும் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். அடுத்த பாகம் வரும்போது இன்னும் சில நிமிடங்கள் இருக்கையில் அமர்ந்திருங்கள்.