சர்க்கரை ஒட்டுற கிருமியும் "என்னய்யா பிரயோஜனம்?" கேள்வியும்

அடிப்படை ஆராய்ச்சி பத்திப் பேச்செடுத்தாலே "இதனால பத்து பைசா பிரயோஜனம் உண்டா?"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவார். எனக்கு அந்தக் கேள்வி மேல மரியாதையே கிடையாது. ஏன்னு சொல்ல ஒரு கிருமியோட கதை போதும்.

பேரு கேம்பைலோபேக்டர் ஜெஜுனி. கோழிக் குடலில் சமர்த்தா குடியிருக்கும். அரைவேக்காட்டுக் கறி வழியா நம்ம வயித்துக்குள்ள வந்தா பேதிதான். புரதத்தில் சர்க்கரை ஒட்டுறதெல்லாம் நம்மள மாதிரி பெரிய உயிரினங்களோட வேலை, பாக்டீரியாவுக்கு அது வராதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிட்டிருந்தாங்க. 1999-ல் இந்தக் கிருமிகிட்ட அதுக்குன்னே ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க.

அது வேலை செய்யுற விதம் இருக்கே, அட்டகாசம். உள்சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறு மேல ஏழு சர்க்கரைகளை ஒண்ணொண்ணா கோக்குது. சரம் தயாரானதும் சவ்வுக்கு அந்தப் பக்கம் புரட்டிப் போடுது. அங்க பி.ஜி.எல்.பி-ன்னு ஒரு நொதி (அதாங்க, என்சைம்) சரத்தை அப்படியே தூக்கி, புரதத்தில் இருக்கிற அஸ்பராஜின் மேல மாட்டிவிடுது. இந்த மரபணுக்களைக் கெடுத்தா கிருமி சாகாது. ஆனா கோழிக் குடலில் முன்ன மாதிரி நிலைச்சு உட்கார முடியாது.

2002-ல் சூரிச்சில் மார்கஸ் ஏபியோட குழு இந்த மொத்தத் தளவாடத்தையும் தூக்கி ஈ.கோலிக்குள்ள வெச்சாங்க. அதுவும் சர்க்கரை ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு! அந்த நொதிக்குப் பெரிய பிடிவாதமும் இல்லையாம். வேற கிருமியோட சர்க்கரைச் சங்கிலியைக் குடுத்தாலும் ஒட்டும். கோழிக் குடல் கிருமி மேல சர்க்கரை இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு 1999-ல் யாராவது கேட்டிருந்தா, சொல்றதுக்கு இதெல்லாம் அவங்க கையில் இருந்திருக்காது.

சரி, இதனால என்ன ஆச்சு? கிருமியோட மேல்சர்க்கரையை மட்டும் ஊசியா போட்டா ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்க உடம்பு அதைச் சரியா கண்டுக்காது. ஒரு புரதத்தோட சேர்த்துக் குடுத்தாத்தான் ஞாபகம் வெச்சுக்கும். நம்ம ஊர்ல போடுற பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிற ஹிப் அந்த ரகம்தான். அதுக்குக் கிருமியை வளர்த்து, சர்க்கரையைப் பிரிச்சு, வேதிமுறையில் புரதத்தோட ஒட்டணும். பி.ஜி.எல்.பி இருந்தா ஈ.கோலியே தன் உள்ளுக்குள்ள ஒட்டிக் குடுத்துடுது. சீதபேதி தர்ற ஷிகெல்லாவுக்கு இப்படிச் செஞ்ச தடுப்பூசியை மனுஷங்ககிட்ட சோதிச்சும் பார்த்திருக்காங்க.

இதே முறையில் செஞ்ச இன்னொரு தடுப்பூசி, ஈ.கோலிக்கு எதிரானது, பெரிய அளவு சோதனையில் பலன் போதலன்னு 2025-ல் நிறுத்தப்பட்டுச்சு. அதையும் நானே சொல்லிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்தில் வந்து கும்மிடுவீங்க :-)