பழைய பொருள் வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க!

‘இன்னும் இருக்கா?’ பழைய ஃப்ரிட்ஜையோ, சைக்கிளையோ ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டவர்களுக்கு முதலில் வந்து விழும் மெசேஜ் இதுதான். ‘இருக்குங்க’ என்று பதில் போட்டால், பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். மீதிப் பேர், ‘லாஸ்ட் எவ்ளோ?’ என்பார்கள்.

ஓ.எல்.எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்பவர்களில் பலர் வியாபாரிகள் அல்ல. வீடு மாறுபவர்கள், குழந்தை வளர்ந்துவிட்டதால் தொட்டிலை விற்பவர்கள் என நம்மைப்போன்றவர்கள்தான். அவர்களிடம் வாங்கும்போது கொஞ்சம் நாகரிகமும் வேண்டும்.

படித்துவிட்டுக் கேளுங்கள்

எத்தனை லிட்டர், எந்த வருட மாடல் என்று விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். அதில் இல்லாததை மட்டும் கேளுங்கள். ‘பில் இருக்கா?’ என்று கேட்பதில் தவறில்லை. திருட்டு செல்போன் கைமாறும் காலத்தில் அது அவசியமும்கூட.

பேரம் போனிலேயே முடியட்டும்

10,000 ரூபாய் சொன்ன வாஷிங் மெஷினை 3,000-க்குக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். போனில் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு, வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு ‘ஆயிரம் குறைச்சுக்கோங்க’ என்பதும் சரியல்ல. சொல்லாத குறை ஏதாவது கண்ணில்பட்டால், அதைக் காட்டி விலை கேட்பது நியாயம்.

வரவில்லையா, சொல்லிவிடுங்கள்

உங்களை நம்பி மற்றவர்களுக்கு ‘வித்துடுச்சு’ என்று சொல்லியிருப்பார்கள். ‘வர முடியலைங்க’ என ஒரு வரி போதும். வீட்டுக்குச் செல்வதாக இருந்தால் பகலில் செல்லுங்கள். கூட யார் வருகிறார்கள் என்பதையும் முன்பே சொல்லுங்கள். வாங்கிய பிறகு அந்த நம்பருக்குத் தினமும் ‘குட்மார்னிங்’ அனுப்பாதீர்கள். குறிப்பாக, விற்றவர் பெண்ணாக இருந்தால்!

பணம் வந்ததா எனக் காத்திருங்கள்

‘அனுப்பிட்டேன்’ என்று ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் பொருளைத் தூக்காதீர்கள். அவர் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்கட்டும். அவர் சந்தேகப்பட்டால் கோபப்படாதீர்கள். ‘பணம் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்று ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. யுபிஐ-யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது ஏமாந்துவிட்டால், உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

பைக் வாங்கினால் பெயரை மாற்றுங்கள்

இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட. வாங்கியவர் 30 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால், நீங்கள் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் அவருக்குப் போகும். விபத்து நடந்தால் இன்னும் சிக்கல். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், நீங்கள் மாற்றாத ஒரு பெயருக்காகக் கோர்ட் படியேறலாமா? பெயர் மாறியதும் புது ஆர்.சி-யை ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். அதைவிட நல்ல ‘தேங்க்ஸ்’ வேறில்லை!