தேய்ந்த தட்டும் அளவுகோலும்

உராய்விற் பிறக்கும் வெம்மையை எம் திருத்தங்கலார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1920-களிற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர்தம் முயற்சியால், சிவகாசிச் சுற்றுப்புறம் அவ்வெம்மையைக் கொண்டே பிழைக்கலாயிற்று. பட்டாசுச் சாலைகளில் இரும்புக் கருவிகளை விலக்குவதும் பொறியெழும் என்னும் அச்சத்தினாலன்றோ? ஆயினும், அதே உராய்வினிடத்து நாடோறும் உயிரை ஒப்படைக்கும் மற்றோரிடத்தை எம்மவர் நினைப்பதிலர். அது மோட்டார் வண்டியின் சக்கரத்துள் அமைந்த பிரேக்குத் தட்டு. பட்டறையோர் டிஸ்க் என்பர்.

1902-ஆம் ஆண்டில் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1953-இல் லெ மான் ஓட்டப் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி இதன் துணையால் வென்ற பின்னரே இதன் பெருமை பரவிற்று. வரலாறு நிற்க.

தட்டு வார்ப்பிரும்பாலாயது. பேடு எனப்படும் பட்டைகள் இருபுறமும் அதனைக் கவ்வுங்கால், வண்டியின் வேகம் வெம்மையாக மாறித் தட்டிற் சேர்ந்து, பின்னர்க் காற்றிற் கலக்கும். வேகம் இருமடங்காயின் வெம்மை நான்மடங்காம். ஆதலின் தட்டின் கனம் உறுதிக்கு மாத்திரம் அமைந்ததன்று. வெம்மையை ஏற்கும் கொள்கலமும் அதுவே. கனங்குன்றிய தட்டு விரைவிற் கொதிப்பேறும். அச்சூடு பிரேக் ஆயிலைச் சென்று கொதிப்பிக்குமாயின், மிதித்த பெடல் வீணே தாழும், வண்டி நில்லாது.

சென்ற தீபாவளிக்கு முன்னர் எம் சிற்றப்பாவின் பழைய வண்டி, பிரேக்கை மிதிக்குந்தோறும் காலடியில் துடித்தது. விருதுநகர்ச் சாலையில் பட்டாசுப் பாரமேற்றிய லாரிகளின் பின்னே, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அவ்வண்டியிற் செல்வோர் அவர். ஒரு பட்டறையார், "பட்டையை மாற்றினாற் போதும், அண்ணாச்சி, டிஸ்க் இன்னும் ஈராண்டு ஓடும்" என்றார். மற்றொருவர், தட்டின்மேல் மழையாற் படிந்த துருவைக் காட்டி, "அனைத்தையும் மாற்றுக" என்றார். அத்துரு நான்குமுறை பிரேக்கு மிதிப்பின் தானே அகலும். இருவருள் ஒருவரேனும் அளவுகோலைத் தொட்டிலர்! தங்காற் பொற்கொல்லனார் எனப் புலவரொருவர் பெயரைச் சங்கத் தொகை நூல்கள் காட்டும். பொன்னை நிறுத்துக் கொடுத்தவர் வாழ்ந்த ஊரில் இரும்பைக் கண்ணால் மதிப்பிடுதல் தகுமோ?

தட்டின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ அதன் மிகக் குறைந்த கனம் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்து யாம் கண்ட எண் 20 மில்லிமீட்டர். மூன்றாம் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருந்தது. சுற்றிலும் எட்டிடங்களில் அளந்தபொழுது, மிக மெலிந்த இடம் 20.3 என நின்றது. இங்கு ஓர் எச்சரிக்கை: பட்டை படாத விளிம்பு தேயாது வரம்புபோல் உயர்ந்து நிற்கும், அதன்மேல் கோலை வைத்து அளப்போர் ஏமாறுவர்.

தட்டு வளைந்தமையாலேயே துடிப்பு எழும் என்பது பட்டறை வழக்கு. பெரும்பாலும் அஃது இடத்துக்கிடம் கனம் வேறுபடுதலாலும், பட்டைப்பொருள் ஒருபாற் படிதலாலும் எழுவதாம். லேத்திற் சீவிச் சமனாக்கலாமெனின், சீவியபின் 20-க்குக் கீழே இறங்கும், அவ்வழி அடைபட்டது.

"இன்னும் 0.3 மிச்சமிருக்கையில் பணத்தை ஏன் இறைக்க வேண்டும், தம்பி?" என்று சிற்றப்பா வினவினார். அவர் வினா நியாயமானதே. அச்சுத் தொழிலிற் கூலி பெறுவார்க்குத் தட்டின் விலை சிறிதன்று. எனினும் எம் கருத்து வேறு. புதிய பட்டை தேய்ந்தொழியுமுன் அந்த 0.3-உம் தேய்ந்தொழியும், துடிப்போ இன்றே உளது. எல்லையைத் தொடும்வரை காத்திருத்தல் சிக்கனமன்று, ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுத்தலாம். தேய்வு இல்லாத் தட்டை அச்சமூட்டி மாற்றச் செய்வதையும் யாம் அதே அளவு வெறுக்கின்றோம்.

ஈற்றில் முன்சக்கரத் தட்டுகள் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றின் வண்டி ஒருபுறம் இழுத்தல் கூடும். பொருத்துமுன் அச்சுமுகத்துத் துருவைச் சுரண்டும்படி யாம் வற்புறுத்தியது பட்டறைப் பையனுக்குச் சற்றே சினத்தை மூட்டியது. துடிப்பு நின்றது. கழற்றிய தட்டுகள் எம் வீட்டுப் பின்கட்டில் கோழிக்கூட்டின்மேற் பாரமாய்க் கிடக்கின்றன.