ஒரு நம்பரை மாற்றினால்...

காஞ்சிபுரம் பக்கத்தில் ஐயங்கார்குளம் என்று ஓர் ஊர். அங்கே நடவாவிக் கிணறு பிரசித்தம். படியிறங்கிப் போனால் பூமிக்கடியில் தூண்களோடு கல் மண்டபம், நடுவில் கிணறு. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாளே அங்கே எழுந்தருளுகிறார்.

இதுமாதிரி ஒரு கிணற்றைக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் 6 மீட்டர். நம்ம ஆள் மாங்கு மாங்கென்று முப்பது படி போட்டு, ஒவ்வொன்றுக்கும் 20 செ.மீ. என்று டைப் அடித்து முடிக்கிறான். சாயங்காலம் ஐந்தரைக்கு மேலதிகாரி வந்து, "ஆழத்தை ஏழு மீட்டராக்கிடுப்பா" என்பார். (ஐந்தரைக்கு முன்னால் அவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது!) போச்சு, முதல் படியிலிருந்து ஆரம்பம்.

பக்கத்து சீட்டுக்காரன் விவரமானவன். அளவுகளுக்குப் பெயர் வைத்திருப்பான். ஆழம் 600. படி உயரம் 20. படிகளின் எண்ணிக்கை? ஆழத்தைப் படி உயரத்தால் வகுத்துக்கொள். 600-ஐ 700 ஆக்கினால் படி தானாக 35 ஆகிவிடும். ஆசாமி டீ குடிக்கப் போய்விடலாம். இதற்குப் பெயர்தான் பாராமீட்டர்.

கோடுகளை இப்படி ஒன்றுக்கொன்று கட்டிப்போடும் வித்தையை ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவில் 1963-லேயே செய்து காட்டினார். நம்ம ஆட்டோகேடுக்கு அது 2010 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது.

சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இது பழைய சமாசாரம். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரித்துக்கொள்வார்கள். பெயர், ஒடியோலை. உத்தம தசதாளம் என்றால் உயரம் மொத்தம் 124 பாகம். முகம், கழுத்து, முழங்கால் எல்லாவற்றுக்கும் இத்தனை பாகம் என்று கணக்கு. 124 செ.மீ. சிலைக்கு ஒரு பாகம் 1 செ.மீ.; 62 செ.மீ. சிலைக்கு அரை செ.மீ. சிலை சிறுத்தாலும் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியாது.

சிலையில் எல்லாமே உயரத்துக்குக் கட்டுப்பட்டவை. படிக்கட்டில் அப்படி இல்லை. அங்கேதான் கோளாறு.

'படி எப்போதும் முப்பது. உயரத்தை ஆழத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொள்' என்று மாற்றிக் கட்டிவிட்டால்? 12 மீட்டர் கிணற்றில் ஒரு படி 40 செ.மீ.! கம்ப்யூட்டர் ஆட்சேபணையே சொல்லாமல் அழகாக வரைந்து தரும். பெருமாளைத் தோளில் சுமந்து இறங்குகிறவர்கள் கதி?

கிணறு ஆழமாகலாம் சார், மனுஷன் கால் நீளாது. எது எஜமான், எது சிப்பந்தி, எது யாருக்கும் அடங்காதது... இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அப்புறம் மௌஸைத் தொடுங்கள்.