நாய் நடக்கும் தெரு

பாலஸ்தீனத்தைப் புரிந்துகொள்ள என்ன வாசிக்கலாம் என்று எங்க பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. நம்ம முற்போக்கு அறிவுஜீவிகள் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற பட்டியல் மேல்தான். 1917 பால்ஃபர் பிரகடனம், 1948, 1967, 1993 ஆஸ்லோ. போர், ஒப்பந்தம், தலைவர், மறுபடியும் போர். இதெல்லாம் வேண்டாம்னு சொல்லல. ஆனா அங்க ஒரு பொம்பள காலையில எந்திரிச்சு, வேலைக்குக் கெளம்பி, ரோட்டுல மறிக்கப்பட்டு நிக்கிற கதை அந்தப் பட்டியல்ல எங்க இருக்கு?

நான் சுசீந்திரத்துக்காரன். ரோட்டை மறிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவர்கள் நடக்கக் கூடாது. அதை எதிர்த்து 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். 1930-இல் மறுபடியும் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோயில் கதவு நமக்குத் திறந்தது.

இந்தக் கோயிலைப் பற்றி கே.கே. பிள்ளை எழுதிய பெரிய ஆய்வு நூல் 1953-இல் வந்தது. கல்வெட்டு, நிலம், பூசை, நிர்வாகம் எல்லாம் அறிய அது வேண்டும். ஆனால் தெருமுனையில் நின்று திரும்பிப் போனவன் மனசில் என்ன ஓடியது என்று கல்வெட்டில் தேட முடியுமா? அது எங்க பாட்டா வாயிலதான் இருந்தது. "அந்தத் தெருவுல நாயி சொகமாப் படுத்துக் கெடக்கும் மக்கா, நாமதான் சுத்திப் போவணும்" என்பார். எங்க வரலாற்றுக்கு அதுதான் முதல் புத்தகம். அதை யாரும் அச்சடிக்கவில்லை.

ரமல்லாவில் வாழும் கட்டடக் கலைஞர் சுஆத் அமீரி, 'ஷரோனும் என் மாமியாரும்' என்றொரு நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். ஊரடங்கு நாளில் மாமியாரோடு ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடந்த கதை. அதில் அவருடைய நாய்க்கு ஜெருசலேம் பாஸ்போர்ட் கிடைத்துவிடுகிறது. அவருக்கு ஜெருசலேம் போக அனுமதி இல்லை. சோதனைச் சாவடியில், நான் இந்த நாயின் டிரைவர் என்று சொல்லிக் கடந்து போகிறார். வாசித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாட்டாவும் வந்தார். பத்து ஒப்பந்தங்களைக் கரைத்துக் குடித்தாலும் இது விளங்காது தோழர்களே.

அடுத்தது, ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளேயே யார் மேலே, யார் கீழே என்பது. இதை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? மர்ஜ் இப்ன் ஆமிர் சமவெளியை 1920-களில் சியோனிச நிறுவனத்துக்கு விற்றது பெய்ரூட்டில் இருந்த சுர்சுக் என்ற நிலவுடைமைக் குடும்பம். பட்டா வைத்திருந்தவன் பணத்தை எண்ணினான்; உழுதவன் ஊரைவிட்டுப் போனான். நாஞ்சில் நாட்டு வயலில் காலமெல்லாம் நாற்று நட்டு, ஒரு சென்ட் நிலம்கூடப் பேரில் இல்லாதவனுக்கு இதை விளக்க வேண்டுமா? சஹர் கலீஃபேயின் 'காட்டு முட்கள்' நாவல் 1976-இல் வந்தது. நாப்லுஸ் ஊரிலிருந்து எதிரியின் தொழிற்சாலைக்கே கூலிக்குப் போகிறவர்களைப் பற்றியது. போகாதே, துரோகி என்கிறது தேசியம். எங்க வயித்துக்கு எந்தப் பண்ணையார் படியளந்தான் என்று திருப்பிக் கேட்கிறான் கூலிக்காரன். ரோஸ்மேரி சயிக் 1979-இல் எழுதிய நூல், லெபனான் முகாம்களில் இருந்த குடியானவர்கள் தம் வாயால் சொன்னதை வைத்தே வரலாறு செய்தது. கல்வெட்டு இல்லாதவர்களின் வரலாற்றை இப்படித்தான் எழுத முடியும். நம்ம ஊரிலும் பாட்டாக்கள் போய்ச் சேருமுன் செய்திருக்க வேண்டிய வேலை இது.

தமிழில் பாலஸ்தீனம் நமக்குக் கவிதையாகத்தான் வந்தது. ஈழத்தில் எம்.ஏ. நுஃமான் 1981-இலேயே மொழிபெயர்த்துத் தந்தார். பெரிய கொடை. ஆனால் கவிதையோடு நின்றுவிட்டோம். மேடையில் முழங்க அது வசதியாக இருந்தது. பாலஸ்தீனத்துக்காகக் கண் கலங்குகிற கவிஞர் பலர், தம் ஊர்ச் சேரிக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்டால் முழிப்பார்கள். காசா தூரத்தில் இருக்கிறது, அழுதால் செலவில்லை.

இன்னொரு பக்கம், நம்மாட்களிலேயே சிலர், "நம்ம பாடே பெரும்பாடு, அரபு தேசத்துக் கதை நமக்கெதுக்கு?" என்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன். அவர்களும் நாமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே மறிப்பவன் துப்பாக்கி வைத்த படைக்காரன். இங்கே மறித்தவன் அதே ஊர்க்காரன், அதே சாமியைக் கும்பிடுகிறவன். ஆக்கிரமிப்பு முடிந்தால் படை கிளம்பிப் போகும். சாதி எங்கே போகும்? இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளவும் வாசிக்கத்தான் வேண்டும். மறிக்கப்பட்டவன் இன்னொரு மறிக்கப்பட்டவனின் எழுத்தை வாசிக்கும்போது, தன் ஊர்த் தெருவும் புதுசாகத் தெரிகிறது.

காசாவின் இளைஞர்கள் எழுதிய கதைகளை 2014-இல் தொகுத்தவர் ரிஃபாத் அல்அரீர். ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். எழுதுகிறவனையே தீர்த்துக்கட்டுகிற காலத்தில், அவன் எழுத்தை விட்டுவிட்டு அவனைப் பற்றி நிபுணர்கள் எழுதியதை மட்டும் வாசிப்பது, அவனை இரண்டாம் முறை தெருவுக்கு வெளியே நிறுத்துவதாகும்.

ஆகவே பட்டியல் போடுகிறவர்களே, வரிசையை மாற்றுங்கள். நாட்குறிப்பு, நாவல், முகாம் வாய்மொழி முதலில்; ஒப்பந்தமும் தலைவரும் பிறகு. மாணவர்களே, இவற்றில் ஒன்றையாவது தமிழில் கொண்டுவர முயலுங்கள். அதே கையோடு உங்கள் ஊர்க் கிழவிகளிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். எந்தத் தெரு, யார் மறித்தது, எந்த வழியாகச் சுற்றிப் போனீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களும் ரொம்ப நாள் இருக்கப் போவதில்லை.