வங்கிகள் இணையட்டும், வாடிக்கையாளருக்கு மாற்றுவழி இருக்கட்டும்

2017 ஏப்ரல் 1ஆம் நாள் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. 1945இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் தோன்றி, 1960இல் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியான அந்நிறுவனத்தின் பெயர், வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தினருக்கு நன்கு பழகிய ஒன்று. இணைப்பு வேண்டாம் என்று 2016இல் கேரள சட்டமன்றம் தீர்மானமும் நிறைவேற்றியது. பெயரும் மரபும் விவாதிக்கப்பட்ட அளவுக்கு, ஒரு கேள்வியை நாம் விவாதிக்கவில்லை: இரு வங்கிகள் ஒன்றானபின், வாடிக்கையாளர் நாடிச் செல்ல எத்தனை வங்கிகள் எஞ்சியிருக்கும்?

இக்கேள்வியைக் கேட்பதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் உள்ளது. 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், நிறுவனம் பெரிதா சிறிதா என்பதைக் குற்றமாகக் கருதுவதில்லை. இணைப்பினால் போட்டிக்குக் கணிசமான பாதகம் விளையுமா என்றே பார்க்கிறது. இணைப்புகள் பற்றிய பிரிவுகள் 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளன. சன் பார்மா, ரான்பாக்ஸி மருந்து நிறுவனங்களின் இணைப்புக்கு 2014இல் ஒப்புதல் அளித்த இந்தியப் போட்டி ஆணையம், சில மருந்துகளின் வணிகத்தைப் பிறருக்கு விற்றுவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எச்டிஎப்சி நிறுவனம் தன் வங்கியுடன் இணைவதற்கும் 2022இல் ஆணையத்தின் ஒப்புதல் பெறப்பட்டது.

ஆனால் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் நிலை வேறு. அவற்றின் இணைப்புகளுக்குப் போட்டிச் சட்டத்தின் இப்பிரிவுகளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு விலக்களித்து, 2017 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. விஜயா, தேனா வங்கிகள் 2019 ஏப்ரலில் பாங்க் ஆப் பரோடாவுடன் இணைந்தன. 2020 ஏப்ரலில் பத்து வங்கிகள் நான்காயின. 2017 தொடக்கத்தில் 27ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இன்று 12.

விலக்கிற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1960இல் பாலா சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது கேரளத்து வைப்பாளர்கள் பட்ட துயரே, நலிந்த வங்கிகளை வலிமையான வங்கிகளுடன் விரைந்து இணைக்கும் அதிகாரத்திற்கும், 1962இல் வைப்புக் காப்பீட்டிற்கும் வழிவகுத்தது. மூழ்கும் படகிலிருந்து மக்களை மீட்கும்போது நீண்ட விசாரணைக்கு நேரமில்லை. எனினும் பெரிதாவது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. 1937இல் இரண்டு வங்கிகள் சேர்ந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி, மறு ஆண்டே கதவடைத்ததையும் இதே மண் கண்டிருக்கிறது. நலிந்த வங்கியைக் காப்பதற்கு உரிய விரைவு வேறு. நலமுள்ள வங்கிகளைச் சேர்ப்பதற்கு உரிய நிதானம் வேறு. இன்றைய விலக்கு இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

வங்கிச் சேவையின் சந்தை எது? 1963இல் பிலடெல்பியா நேஷனல் வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. வாடிக்கையாளர் நடைமுறையில் எங்கெங்கு சென்று வங்கிச் சேவை பெற முடியுமோ, அந்தச் சுற்றுவட்டாரமே சந்தை என்பது அத்தீர்ப்பின் சாரம். வெள்ளறடையைச் சேர்ந்த ஒரு ரப்பர் விவசாயியை எண்ணிப் பார்ப்போம். அவருக்குக் கொச்சியில் எத்தனை வங்கிகள் உள்ளன என்பதால் பயனில்லை. பனச்சமூடு, காரக்கோணம், எல்லை தாண்டினால் களியக்காவிளை ஆகியவையே அவர் சென்றுவரக்கூடிய இடங்கள். மாநிலவாரியான புள்ளிவிவரமோ, எல்லைக்கு அப்பால் இருக்கும் கிளையைத் தமிழ்நாட்டின் கணக்கிலும், இப்பால் இருப்பதைக் கேரளத்தின் கணக்கிலும் எழுதிவிடுகிறது. அவருடைய உண்மையான சந்தை எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

கைப்பேசி இருக்கும்போது கிளை எதற்கு என்று சிலர் வினவலாம். பணம் அனுப்புவதற்குக் கைப்பேசி போதும். நகைக்கடனுக்கும் பாதுகாப்புப் பெட்டகத்திற்கும் பயிர்க்கடனுக்கும் கிளையே வேண்டும். வீட்டுக்கடன் வட்டி இன்று பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துடன் இணைக்கப்பட்டிருப்பினும், அதன்மேல் எவ்வளவு கூட்டுவது, கட்டணம் எவ்வளவு என்பவற்றை வங்கியே தீர்மானிக்கிறது. பக்கத்தில் மற்றொரு வங்கி இருந்தால்தான் அந்தத் தீர்மானம் வாடிக்கையாளருக்குச் சாதகமாக அமையும்.

விலக்கின் காலம் 2027 ஆகஸ்டில் முடிகிறது. அதனை அப்படியே நீட்டிப்பது முறையன்று என்பது நம் கருத்து. நலிந்த வங்கியை மீட்கும் இணைப்புக்கு மட்டும் விலக்கு தொடரலாம். ஏனைய இணைப்புகளைப் போட்டி ஆணையம் ஆராய வேண்டும். அதுவும் மாநிலக் கணக்கை விடுத்து, ஊர்த்தொகுதிக் கணக்கைக் கொண்டு ஆராய வேண்டும். ஒரு வட்டாரத்தில் ஒரே வங்கி எஞ்சும் நிலை வருமாயின், அங்குள்ள கிளையை வேறொரு வங்கிக்கு மாற்றித் தருவதை நிபந்தனையாக்கலாம். வங்கிப் பணியில் இருப்போருக்கும் இதனால் இழப்பில்லை. போட்டியே நம் சேவையைக் கூர்மையாக்குகிறது.

வாடிக்கையாளர்கள் ஒன்றை இன்றே சரிபார்த்துக்கொள்ளலாம். வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு வட்டியுடன் 5 லட்சம் ரூபாய் வரை. இரண்டு வங்கிகளில் தனித்தனியே 5 லட்சம் வைத்திருந்தவருக்கு, அவ்விரண்டும் ஒன்றானபின் மொத்தமாக 5 லட்சத்திற்கே காப்பீடு. கடந்த ஆண்டுகளில் உங்கள் வங்கிகள் எவையேனும் இணைந்திருந்தால், வைப்புப் பத்திரங்களை எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.